டெல்லிக் காற்று: சிஎன்ஜியா, ஒற்றை-இரட்டையா?

டெல்லியின் காற்றைச் சுத்தப்படுத்த எடுத்த இரண்டு முயற்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது சிஎன்ஜி, அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு. நகரப் பேருந்துகள் எல்லாம் டீசலை விட்டு இதற்கு மாற வேண்டும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2002 கடைசியில்தான் நகரப் பேருந்துகள் முழுக்க மாறின. எரிவாயு நிரப்பும் பங்க்குகளில் நீண்ட வரிசை, பேருந்துத் தட்டுப்பாடு என்று மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் டீசல் நகரப் பேருந்து கக்கிய கரும்புகை நிரந்தரமாக ஒழிந்தது. தினமும் யாரையும் மடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, எரிபொருளே மாறிவிட்டதே! அப்புறம் வண்டிகள் பெருகி அந்த ஆதாயத்தைக் கரைத்தது வேறு கதை.

இரண்டாவது, 2016 ஜனவரியில் 15 நாள் நடந்த ஒற்றை-இரட்டை எண் திட்டம்: பதிவெண் ஒற்றைப்படையில் முடியும் கார்கள் ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும், இரட்டைப்படையில் முடிபவை இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும் ஓடலாம். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். சாலை காலியானது, சரி. காற்று? இருசக்கர வாகனங்களுக்கும் பெண்கள் ஓட்டும் கார்களுக்கும் விலக்கு. லாரிப் புகை, குப்பை எரிப்பு, கட்டுமானத் தூசி எல்லாம் அப்படியே. போதாததற்கு, குளிர்காலத்தில் காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலே மாசு அளவு இறங்கிவிடும். குறைத்தது திட்டமா வானிலையா என்று பிரிப்பது கடினம். நெரிசலுக்கு மருந்தாக வேண்டுமானால் இதை ஏற்கலாம். மாசுக்கு என் ஓட்டு சிஎன்ஜிக்குத்தான்.