சின்ன நாய்க்குக் காலர் நல்லதா, ஹார்னெஸ் நல்லதா? மூன்று பட்டைகளின் மதிப்பீடு

நாய்க்குப் பெல்ட் வேண்டும் என்று கடையில் கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது கழுத்தில் மாட்டும் நைலான் காலர்தான். கூடவே, 'சின்ன நாய்தானே சார், இது நல்லா தாங்கும்' என்ற உத்தரவாதமும் கிடைக்கும். பட்டை தாங்கும்தான், சிறிய இன நாயின் கழுத்து தாங்குமா என்று அங்கே யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஆறு கிலோ எடையுள்ள இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளையாகப் புசுபுசுவென்று இருப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் பொமரேனியன். அவளுக்காக வாங்கிய ஒரு சாதாரண நைலான் காலர், வலைத்துணியில் தைத்த சட்டை வகை ஹார்னெஸ் (கழுத்தில் மட்டும் இல்லாமல் மார்பையும் உடலையும் சுற்றி மாட்டுவது), மார்பில் மூன்றாகப் பிரியும் ஒய் வடிவ ஹார்னெஸ் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்ததில் ஏற்பட்ட முடிவுகளை இங்கே எழுதுகிறேன்.

காலரின் விலை 220 ரூபாய், அகலம் ஒன்றரை சென்டிமீட்டர். தையல் பிரியவில்லை, சாயம் போகவில்லை, கொக்கியும் உறுதியாக இருக்கிறது. பொருள் என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் லீஷை, அதாவது நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் கயிற்றை, மாட்டிக்கொண்டு நடக்கும்போது, எதிரே ஒரு பூனையைக் கண்டு நாய் பாய்ந்தால், அந்த இழுவை முழுவதும் தொண்டையின் முன்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குள் இறங்குகிறது. நாயின் மூச்சுக்குழாய் முழு வளையங்களால் ஆனதன்று; ஆங்கில 'சி' எழுத்தைப் போல முதுகுப்பக்கம் திறந்திருக்கும் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது, திறந்த பக்கத்தை மெல்லிய தசைச் சவ்வு மூடியிருக்கிறது. பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில் போன்ற குட்டி இனங்களில் இந்த வளையங்கள் வலுவிழந்து குழாய் தட்டையாகிப்போகும் நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. காலர்தான் அந்த நோயை உண்டாக்குகிறது என்று சொல்வது சரியாகாது. ஆனால் நோய் உள்ள நாய்க்குக் கழுத்தில் விழும் அழுத்தம், வாத்து கத்துவது போன்ற அந்த வறட்டு இருமலைக் கிளப்பிவிடும். அதனால்தான் இத்தகைய நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் முதலில் சொல்வது, காலரில் லீஷ் மாட்டுவதை நிறுத்துங்கள் என்பது.

மூச்சுக்குழாயோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் ஆய்விதழில் 2006இல் வெளியான ஓர் ஆய்வு, காலர் வழியாகக் கழுத்து இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுகிறது என்றும், ஹார்னெஸ் வழியாக அதே இழுப்பு வரும்போது அவ்வாறு கூடுவதில்லை என்றும் காட்டியது. கண் துருத்திக்கொண்டிருக்கும் பக், ஷிட்ஸு வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல் என்பதால் காலருக்கு எதிராக இரட்டைக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் அளக்கும் கருவி பொருத்திய மாதிரிக் கழுத்தில் பல வகைக் காலர்களை மாட்டி இழுத்துப் பார்த்து, எந்த வகையும் ஆபத்தில்லாத அளவுக்குக் குறைவான அழுத்தம் தரவில்லை என்று முடிவு கண்டார்கள். அகலமான, பஞ்சு வைத்த காலர் வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளலாம்.

வலைத்துணி ஹார்னெஸுக்கு வருகிறேன். விலை 550 ரூபாய். தரையில் விரித்து, நாயின் இரண்டு முன்கால்களையும் இரண்டு ஓட்டைகளில் வைத்து, மேலே தூக்கி முதுகில் பூட்டிவிட வேண்டும். தலைவழியாக எதையும் மாட்ட வேண்டியதில்லை என்பதால், தலைக்கு மேல் கை வந்தாலே பின்வாங்கும் நாய்களுக்கு இது ஏற்றது. விரல் மூட்டு வலி உள்ள என் அப்பாவால் மூன்றில் எளிதாக மாட்ட முடிந்ததும் இதைத்தான். சென்னை வெயிலுக்குத் துணி காற்றோட்டமாக இருக்கிறது, துவைத்தால் சீக்கிரம் காய்கிறது. ஆனால் முதுகில் வெல்க்ரோ வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஸ்பிட்ஸின் உள்முடி பஞ்சு போன்றது. அது வெல்க்ரோவின் கொக்கிகளில் கொத்துக் கொத்தாகச் சிக்கி, நாளடைவில் ஒட்டும் திறனே போய்விடுகிறது, கழற்றும்போது முடியும் சேர்ந்து பிடுங்கப்படுகிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் அது ஒரு தனி வேலை. மேலும், இதில் கழுத்தளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை; நாய் முன்னால் இழுக்கும்போது கழுத்து விளிம்பு மேலே ஏறித் தொண்டையிலேயே போய் நிற்கிறது. காலரின் தீமையை விட்டு ஓடி அதே தீமையிடம் போய்ச் சேர்வதற்கு 550 ரூபாய் எதற்கு?

ஒய் வடிவ ஹார்னெஸின் விலை 1,150 ரூபாய். எங்கள் வீட்டில் இப்போது அன்றாட நடைக்கு இதுதான். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு பட்டைகள் கழுத்தின் இருபுறமும் இறங்கி, மார்பெலும்பின் மேல் ஒன்றாகி, முன்கால்களுக்கு நடுவே வயிற்றுப் பட்டையோடு போய்ச் சேர்கின்றன. இழுவையை மார்பெலும்பும் விலாவும் வாங்கிக்கொள்வதால் தொண்டைப் பகுதி விடுபட்டுப்போகிறது. கழுத்து, மார்பு இரண்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு இடங்களில் அளவைத் திருத்திக்கொள்ளலாம். பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் படுக்கையாக நுழைய வேண்டும் என்பது பொதுவான அளவு. ஸ்பிட்ஸ் போன்ற அடர்முடி நாய்க்கு முடியை விலக்கித் தோலின்மேல் வைத்துப் பார்த்தால்தான் அது உண்மையான அளவாக இருக்கும். வயிற்றுப் பட்டை அக்குளுக்கு மிக அருகில் வந்தால் அங்கே தோல் உராய்ந்து சிவக்கும். முழங்கைக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளியிருப்பது நல்லது. மழைக்காலத்தில் ஈரப் பட்டையை அப்படியே விட்டால் முடி சிக்குப் பிடிக்கிறது. அக்குள் மடிப்பு உண்ணிகளுக்குப் பிடித்தமான இடம் என்பதால், கழற்றும்போதே அங்கே விரலால் தடவிப் பார்த்துவிடுகிறோம்.

இதில் குறைகளும் உண்டு. தலைவழியாக மாட்ட வேண்டியிருப்பதால் அப்பாவுக்கு இது சிரமம். அளவு திருத்தும் வளையங்கள் மெல்ல மெல்ல நழுவுகின்றன, அவ்வப்போது இழுத்துச் சரிசெய்யாவிட்டால் தளர்ந்துவிடும். தளர்ந்த ஹார்னெஸில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது: பயந்த நாய் முன்னால் ஓடுவதில்லை, லீஷ் பிடித்திருப்பவரைப் பார்த்தபடி பின்பக்கமாக இழுக்கிறது, அப்போது முன்கால்கள் மடங்கி ஹார்னெஸ் அப்படியே தலைவழியாகக் கழன்று வந்துவிடும். தீபாவளி நேரத்து வெடிச்சத்தத்தில் நாய்கள் தொலைந்துபோவதற்கு இது ஒரு வழி. வாங்கியவுடன் வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு, நாயைப் பின்வாங்கவைத்து இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

ஒய் வடிவம் நாயின் தோள் அசைவைச் சிறிதும் தடுப்பதில்லை என்று விளம்பரங்கள் சொல்வதை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். நாய்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்து 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தோளை மறிப்பதில்லை என்று கருதப்பட்ட வகையும் முன்கால் நீளும் அளவைக் குறைத்தது. மார்பின் குறுக்கே பட்டை ஓடும் வகையைவிட அதிகமாகவே குறைத்தது. ஆகவே நடை முடிந்ததும் கழற்றிவிடுவதுதான் முறை. நாள் முழுவதும் மாட்டி வைப்பதற்கான பொருள் இதுவன்று. ஹார்னெஸ் போட்டால் நாய் இழுக்கப் பழகிவிடும் என்ற புகாரிலும் பாதி உண்மை இருக்கிறது. வலிக்காதபோது நாய் தாராளமாகத்தான் இழுக்கும். ஆறு கிலோ நாயின் இழுவையை ஒரு கையால் சமாளிக்கலாம், அதை நிறுத்தப் பழக்குவது தனி வேலை, அந்த வேலையைத் தொண்டை வலியிடம் ஒப்படைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலரை நாங்கள் தூக்கி எறியவில்லை. கைப்பேசி எண் பொறித்த தகடு அதில்தான் தொங்குகிறது. தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்தாலும், தெருவில் நாயைப் பிடித்து வைத்திருப்பவரிடம் அதைப் படிக்கும் கருவி இருக்காது. லீஷை இழுக்காமல் பக்கத்திலேயே நடக்கும், தொண்டையிலும் கண்ணிலும் கோளாறு இல்லாத நாய்க்குக் காலரே போதும் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் அப்படி நடக்கும் ஸ்பிட்ஸை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாங்கும்போது ஸ்மால், மீடியம் என்ற எழுத்துகளை நம்பாமல், முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் மிக அகன்ற இடத்தையும் கழுத்தின் அடிப்பகுதியையும் தையல் டேப்பால் அளந்துகொண்டு போக வேண்டும். ஒரே மீடியம், கடைக்குக் கடை பல சென்டிமீட்டர் மாறுகிறது. முடிந்தால் நாயையே அழைத்துச் சென்று மாட்டிப் பார்ப்பது மேல். வளரும் குட்டிக்கு 1,150 ரூபாய் செலவழிக்க வேண்டாம். கழுத்தளவைத் திருத்தும் வசதியுள்ள மலிவான ஹார்னெஸ் ஒன்றில் சில மாதங்களை ஓட்டிவிட்டு, வளர்ச்சி நின்றபின் நல்லதை வாங்கலாம்.