தைப்பதா, மாற்றுவதா: ஒரே தெருவில் இரண்டு வால்வுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரே மாதத்தில் இரண்டு எக்கோ ரிப்போர்ட்டுகள் வந்தன. இருதய வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இரண்டும் என் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று, காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்றுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாளுடையது, வயது 72. மற்றது, பெரம்பூர் லோகோ ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஐயாவுடையது, வயது 74. இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு. ஆனால் அம்மாளுக்கு வால்வைச் சரிசெய்யலாம் என்றார் மருத்துவர். ஐயாவுக்கு மாற்றிவிடுவதே மேல் என்றார் இன்னொருவர்.

“அந்த அம்மாவுக்கு மட்டும் சொந்த வால்வு, எனக்கு மாட்டு வால்வா சிஸ்டர்?” என்று ஐயா கேட்டார். கோபம் பாதி, பயம் பாதி.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழிக்க வேண்டும். ரிப்பேர் என்ற சொல் ஆளை ஏமாற்றும். பஞ்சர் ஒட்டுவதுபோலச் சின்ன வேலை என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். வழக்கமான முறையில் இரண்டுக்குமே நெஞ்சைத் திறக்க வேண்டும், இதயத்தை நிறுத்த வேண்டும், ரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓட்ட வேண்டும். சிக்கலான ரிப்பேராக இருந்தால் மாற்றுவதைவிடக் கூடுதல் நேரம்கூடப் பிடிக்கும். ஆகவே ‘வயதானவர், சின்னதாக முடித்துவிடுங்கள்’ என்று ரிப்பேரைக் கேட்பதில் பொருளில்லை.

வித்தியாசம் நோயில் இருக்கிறது. மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு. அதற்கு இரண்டு இதழ்கள். பட்டத்துக்குச் சூத்திரம் கட்டுவதுபோல, மெல்லிய நாண்கள் அந்த இதழ்களைக் கீழே இதயத் தசையோடு கட்டி வைத்திருக்கின்றன. அம்மாளுக்கு அந்த நாண்களில் ஒன்று அறுந்துவிட்டது. இதழ் பின்பக்கமாகப் படபடக்கிறது. இதயத் தசை திடமாக இருக்கிறது. இங்கே ரிப்பேர்தான் சரி. கெட்டுப்போன துண்டை வெட்டித் தைக்கலாம், செயற்கை நாண் கட்டலாம், விரிந்துபோன வாயைச் சுற்றி ஒரு வளையம் வைத்து இறுக்கலாம். கைதேர்ந்தவர் செய்தால் பல ஆண்டுகள் நிற்கும். இதயத்தின் சுருங்கும் வலுவும் நன்றாகக் காப்பாற்றப்படும். வயது 70ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஐயாவின் கதை வேறு. மாரடைப்பு வந்து தசையில் ஒரு பகுதி செத்து, இதயத்தின் கீழறை விரிந்துவிட்டது. பட்டத்தில் குறையில்லை, சூத்திரத்திலும் குறையில்லை. கயிறு கட்டிய கம்பம், அதாவது கீழே இருக்கும் தசை, விலகிப்போயிருக்கிறது. வளையம் வைத்து இறுக்கினாலும் கம்பம் மேலும் விலகும், கசிவு திரும்பும். இப்படிப்பட்ட நோயாளிகள் 251 பேரிடம் வட அமெரிக்காவில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், ரிப்பேர் செய்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான கசிவு திரும்பியிருந்தது. வால்வை மாற்றியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான். உயிர்பிழைத்திருப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 76 வயதில் மறுபடி மூச்சு வாங்கி, மறுபடி அட்மிட் ஆகி, மறுபடி நெஞ்சைத் திறப்பதா என்று யோசிப்பதைவிட ஒரே தடவையில் முடிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அவருக்கு ரத்தக்குழாயில் மூன்று அடைப்புகளும் இருந்தன. பைபாஸும் வால்வும் ஒரே அறுவை மேசையில் முடிந்துவிடும். பைபாஸ் என்றதும் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். “1975இல் எங்கள் ரயில்வே ஆஸ்பத்திரியில்தானே இந்தியாவின் முதல் பைபாஸ் நடந்தது!” பெரம்பூர்க்காரர்களுக்கு அந்தப் பெருமை உண்டு, நியாயமான பெருமைதான்.

இனி அந்த மாட்டு வால்வு. செயற்கை வால்வில் இரண்டு வகை. உலோக வால்வு தேயாது. ஆனால் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் வைக்கும் அசிட்ரோம் போன்ற மாத்திரை வேண்டும்; ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை ஓயாது. மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்யும் திசு வால்வு சுமார் 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும்; அதற்கு அந்த மாத்திரை பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் போதும். இளம் வயதில் திசு வால்வு சீக்கிரம் சுண்ணாம்பு படியும், முதியவர்களுக்கு மெதுவாக. அதனால்தான் 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் திசு வால்வு.

உலோக வால்வோடு ஒரு முதியவர் குடித்தனம் நடத்துவதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். நாள்காட்டித் தாளில் திங்களுக்கு ஒரு மாத்திரை, செவ்வாய்க்கு ஒன்றரை என்று மகள் பென்சிலால் எழுதி வைத்திருப்பாள். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறக்கூடாது. ஆனால் ஆடி மாதக் கூழ், முருங்கைக்கீரை என்று வந்தால் அளவு எங்கே நிற்கிறது? அதைவிட ஆபத்து, மெடிக்கல் ஷாப்பில் கேட்காமல் வாங்கும் மூட்டுவலி மாத்திரை. ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வழுக்கும் குளியலறையில் தலை அடிபட்டால் சொல்லவே வேண்டாம்.

அம்மாளின் மகன் இங்கேதான் ஒரு நல்ல கேள்வி கேட்டான்: “ரிப்பேர் செய்தால் அந்த மாத்திரையே வேண்டாம் அல்லவா அக்கா?” இதயம் ஒழுங்காகத் துடித்தால் நீண்ட காலத்துக்கு வேண்டாம். தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ரிப்பேர் செய்தாலும் மாத்திரை தொடரும். கசிவுள்ள முதியவர்கள் பலருக்கு அது கூடவே வருகிறது. ஆகவே ஈசிஜியைப் பார்க்காமல் மாத்திரைக் கணக்கைப் போடக்கூடாது.

சிறு வயதில் தொண்டைப் புண்ணிலிருந்து வந்த ருமாட்டிக் நோயால் தடித்துச் சுருங்கிய வால்வு என்றால் முதுமையில் பெரும்பாலும் மாற்றம்தான். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பு படிந்து சுருங்கினாலும் அப்படியே. எர்ணாவூரிலிருந்து அப்படிப்பட்ட அயோர்ட்டிக் வால்வுள்ள 81 வயதுப் பெரியவருக்காக ரிப்பேர் கேட்டு வந்தார்கள். அதைத் தைத்துச் சரிசெய்ய வழியில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு வைக்கும் டாவி முறை 2002இல் பிரான்சில் தொடங்கியது. அந்த வயதுக்கு அது நல்ல வழி, ஆனால் வால்வின் விலையே லட்சக் கணக்கில். முதலமைச்சரின் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நெஞ்சைத் திறக்க உடல் தாங்காதவர்களின் மைட்ரல் கசிவுக்கு, இதழ்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்றும் இருக்கிறது. அதுவும் எல்லா வால்வுக்கும் பொருந்தாது.

அம்மாளின் மகனிடம் ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னேன். ரிப்பேர் முடிந்ததும் அறுவை மேசையிலேயே, உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்ப்பார்கள். கசிவு நின்றிருக்காவிட்டால் அங்கேயே மாற்ற வேண்டிவரும். அப்போது எந்த வால்வு என்று வெளியே வந்து வீட்டாரைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமிருக்காது. அவன் ஒப்புதல் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். பிரித்துப் பார்த்தோம், ரிப்பேர் என்று மட்டும் இருந்தது. மறுநாள் மருத்துவரிடம் பேசி, ‘தேவைப்பட்டால் திசு வால்வு’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு வந்தான்.