77 கிகாஹெர்ட்ஸில் ஐசார் படம்: ஏடபிள்யூஆர்1843 போர்டும் டிசிஏ1000 அட்டையும்

திரும்பும் பொருளைப் படமெடுக்கும் இன்வர்ஸ் சிந்தெடிக் அபெர்ச்சர் ரேடாரை, அதாவது ஐசாரை, ஆய்வகத்தில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஏடபிள்யூஆர்1843பூஸ்ட் ரேடார் போர்டையும் டிசிஏ1000 தரவுப் பிடிப்பு அட்டையையும் சேர்த்தே வாங்கச் சொல்வேன். போர்டு மட்டும் போதாது. ஐசாருக்கு ஒவ்வொரு சிர்ப்பின், அதாவது அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் துடிப்பின், மூல ஏடிசி (சிக்னலை எண்ணாக்கும் பகுதி) தரவும் ஃபேஸ் (அலைச் சுற்றில் உள்ள நிலை) கெடாமல் வேண்டும். அதை ஈதர்நெட் வழியாகக் கணினிக்குக் கொண்டுவருவது டிசிஏ1000தான்.

ஐசாரில் ரேடார் அசையாது, பொருள்தான் திரும்பும். படத்தின் ஓர் அச்சு தூரம், மற்றது டாப்ளர், அதாவது பொருளின் அசைவால் அதிர்வெண்ணில் வரும் மாற்றம். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2018-இல் கீழே விழவிருந்த தியான்கோங்-1 விண்வெளி நிலையத்தைத் தன் டிரா ரேடாரின் 34 மீட்டர் டிஷ்ஷால் படமெடுத்ததும் இதே கணக்கில்தான். குறுக்குத் துல்லியம், அதாவது டாப்ளர் அச்சில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, என்பது அலைநீளத்தைத் திரும்பிய கோணத்தின் (ரேடியனில்) இரு மடங்கால் வகுத்தால் வருவது. இந்தப் போர்டில் அலைநீளம் சுமார் 3.8 மில்லிமீட்டர். ஆகவே பொருள் 3 டிகிரி திரும்பினாலே 3.6 சென்டிமீட்டர் துல்லியம் கிடைத்துவிடும். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் இதே துல்லியத்துக்கு ஏறத்தாழ 24 டிகிரி திருப்ப வேண்டும். இந்தப் போர்டின் பெரிய பலமே இதுதான்.

பெட்டியிலிருந்து எடுத்த அமைப்புகள் காரைக் கண்டறிவதற்கானவை. படமெடுக்க மாற்றியாக வேண்டும். போர்டு எந்த முறையில் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஜம்பர்களில் எஸ்ஓபி0, எஸ்ஓபி1 இரண்டையும் போட்டு எஸ்ஓபி2-ஐ எடுத்துவிட்டால், போர்டை இயக்கும் எம்எம்வேவ் ஸ்டூடியோ மென்பொருள் அதோடு பேசும். மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும், மேட்லேப் ரன்டைம் 8.5.1-இன் 32 பிட் பதிப்பைத்தான் கேட்கும். கணினியின் ஐபி முகவரி 192.168.33.30 என்று நிலையாக இருக்க வேண்டும். ஃபயர்வால் தடுத்தால் கோப்பு வெறுமையாக வரும்.

சிர்ப்புக்கு இந்த எண்களை வைக்கலாம்: தொடக்கம் 77 கிகாஹெர்ட்ஸ், சரிவு (அதிர்வெண் ஏறும் வேகம்) மைக்ரோவினாடிக்கு 70 மெகாஹெர்ட்ஸ், ஏடிசி தொடக்கம் 5 மைக்ரோவினாடி, ரேம்ப் (அதிர்வெண் ஏற்றம்) முடிவு 57 மைக்ரோவினாடி, 10 எம்எஸ்பிஎஸ் (வினாடிக்கு ஒரு கோடி மாதிரி) வேகத்தில் 512 மாதிரிகள். 4 கிகாஹெர்ட்ஸ் என்று விளம்பரம் சொன்னாலும் மாதிரி எடுக்கும் 51.2 மைக்ரோவினாடிக்குள் 3.58 கிகாஹெர்ட்ஸ்தான் அடங்கும். தூரத் துல்லியம் 4.2 சென்டிமீட்டர். ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டரை மட்டும் இயக்குங்கள். மூன்றையும் மாற்றி மாற்றி இயக்கினால் சிர்ப் வேகம் மூன்றில் ஒன்றாகிவிடும்.

சுழல்மேசைக்கு, ஃபிரேமுக்கு, அதாவது ஒரு சிர்ப்புத் தொகுப்புக்கு, ஒரே சிர்ப், ஃபிரேம் இடைவெளி 1 மில்லிவினாடி என்று வைத்தால் இடையில் ஓட்டை விழாமல் சீரான வரிசை கிடைக்கும். மேசை நிமிடத்துக்கு 2 சுற்று சுற்றினால் 250 சிர்ப்பில் 3 டிகிரி முடிந்துவிடும். துல்லியம் கூடட்டும் என்று 20 டிகிரி எடுத்து நேரடியாக எஃப்எஃப்டி (அதிர்வெண்களைப் பிரிக்கும் கணக்கு) போடுகிறவர்கள் பலர். மையத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் உள்ள புள்ளி அதற்குள் 10 சென்டிமீட்டர், அதாவது இரண்டரைத் தூரக் கட்டம், நகர்ந்துவிடுவதால் விளிம்பெல்லாம் தேய்ந்துபோகும். அவ்வளவு கோணம் வேண்டுமென்றால் அந்த நகர்வைச் சரிசெய்யும் போலார் ஃபார்மட் அல்லது பேக்புரொஜெக்‌ஷன் முறைக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஐ, க்யூ என்று 90 டிகிரி ஃபேஸ் வேறுபட்ட இரு பாகம் உண்டு. கோப்பில் அவை 16 பிட் எண்களாக ஐ0, ஐ1, க்யூ0, க்யூ1 என்ற வரிசையில் இருக்கும். ஐ, க்யூ மாறி மாறி வருவதாக நினைத்துப் படித்தால் உண்மையான உச்சத்தோடு பொய்யான உச்சங்களும் தோன்றும். இதைச் சோதிக்க 5 சென்டிமீட்டர் விளிம்புள்ள முக்கோண மூலைப் பிரதிபலிப்பான் ஒன்று போதும். இந்த அலைநீளத்தில் அதன் ரேடார் குறுக்குவெட்டு (ரேடாருக்கு அது தெரியும் அளவு) 1.8 சதுர மீட்டர் வரும். பாக்கெட் தொலைவது இன்னொரு தலைவலி. தரவு வருவது, தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யுடிபி வழியில் என்பதால் போனது போனதுதான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 1456 பைட் தரவு வரை இருக்கும். ஒன்று விட்டுப்போய், அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பாவிட்டால் அதற்குப் பிந்தைய எல்லா சிர்ப்பின் எல்லையும் தள்ளிப்போகும். முதல் 4 பைட்டில் உள்ள வரிசை எண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள்.

தானாக நகரும் பொருள் என்றால் கதையே வேறு. வினாடிக்கு 10 மீட்டரில், 10 மீட்டர் தள்ளிக் குறுக்கே போகும் கார் 3 டிகிரி திரும்ப 50 மில்லிவினாடி ஆகும். சிர்ப்புக்கு 100 மைக்ரோவினாடி என்றால் ஃபிரேமின் உச்சவரம்பான 255 லூப் அதில் பாதிக்குத்தான் வரும். ஒரே மாதிரி இரண்டு சிர்ப்பை வரையறுத்து 255 முறை ஓட்டினால் 510 கிடைக்கும். நான்கு ரிசீவரும் இயங்கினால் ஃபிரேமுக்குள் தரவு வேகம் 655 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்) வரை ஏறும்; பாக்கெட் தாமதம் 25 மைக்ரோவினாடியாக இருந்தால் அட்டை அனுப்பக்கூடியது சுமார் 325தான். ஒரு ரிசீவர் போதும், 164-இல் முடிந்துவிடும்.

பிறகு ஆய்வாளர்கள் சென்னும் ஆண்ட்ரூஸும் 1980-இல் எழுதிய வழியில், அடுத்தடுத்த தூர வடிவங்களை (ஒவ்வொரு சிர்ப்பும் தரும் தூரவாரி எதிரொலியை)க் குறுக்குத் தொடர்புக் கணக்கால் நேர்ப்படுத்த வேண்டும். அதோடு நிறுத்தினால் படம் வராது. அரைக் கட்டம், அதாவது 2.1 சென்டிமீட்டர் வரை சரியாக நேர்ப்படுத்தினாலும், 1.9 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று வீதம் ஃபேஸ் இன்னும் 11 சுற்று தவறியிருக்கலாம். எனவே எஞ்சிய ஃபேஸ் பிழையைத் தரவிலிருந்தே கணித்துத் திருத்தும் ஃபேஸ் கிரேடியன்ட் ஆட்டோஃபோகஸ் அல்லது குறைந்தபட்ச என்ட்ரோபி முறை கட்டாயம். 3 டிகிரியில் படம் தரும் அதே குறு அலைநீளம்தான் இங்கே இவ்வளவு வேலை வாங்குகிறது. போர்டைத் தாங்கும் முக்காலி ஆடினாலும் படத்தில் தெரியும்.

காரின் சக்கரம் தன் போக்கில் சுழல்வதால், அது இருக்கும் தூரத்தில் டாப்ளர் அச்சு நெடுக ஒரு கோடு விழும். எந்த ஆட்டோஃபோகஸும் அதை அழிக்காது. அந்தத் தூரக் கட்டங்களை ஃபேஸ் மதிப்பீட்டில் சேர்க்காமல், உடற்பகுதியின் கட்டங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மற்றப் பகுதி தெளிவாக நிற்கும்.