தமிழர் பெங்களூருக்கு எப்போது வந்தனர்? ஒரு கேள்வியும் ஐந்து வாசல்களும்

பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் இந்நகரத் தமிழரின் வரலாற்றை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டால், யாரிடம் போய்க் கேட்பது என்ற குழப்பம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இணையம், நூலகம், ஆவணக் காப்பகம், பேராசிரியர், அல்சூர்த் தெருவில் மூன்று தலைமுறையாக வாழும் பெரியவர் என வாசல்கள் பல உண்டு. எது சிறந்தது என்று பொதுவில் விவாதிப்பதைவிட, 'தமிழர் இவ்வூருக்கு எப்போது வந்தனர்?' என்ற ஒரே கேள்வியை எல்லா வாசலிலும் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

உரையாடு செயலிகளும் தேடுபொறிகளும் அரை நிமிடத்தில் விடை தருகின்றன: 1809-இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு (கன்டோன்மென்ட் எனப்படும் படைக்குடியிருப்பு) அமைத்தனர், சென்னை மாகாணப் படையோடு தமிழர் வந்தனர். இவ்விடை தவறன்று, ஆனால் பாதி விடை. அதே மூச்சில், வீர வல்லாளன் என்ற ஒய்சள மன்னனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு (கன்னடத்தில் 'பெந்த காளு') கொடுத்ததால் ஊருக்குப் பெங்களூரு என்ற பெயர் வந்தது என்ற கதையையும் அவை சொல்லிவிடுகின்றன. அம்மன்னன் ஆண்டது 1173 முதல் 1220 வரை; பேகூர்க் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டின் பழங்கன்னட நடுகல்லிலோ 'பெங்களூரு' என்ற பெயர் அதற்கு முன்பே வெட்டப்பட்டிருக்கிறது. சான்று கேட்டபோது ஒரு செயலி எனக்கு நூற்பெயரும் பக்க எண்ணும் தந்தது. எந்த நூலகப் பட்டியலிலும் அந்நூல் அகப்படவில்லை. எனினும் இணையத்தை ஒதுக்கிவிட முடியாது. பழைய கல்வெட்டுத் தொகுதிகளின் படிகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். பதில் சொல்பவராக இணையம் சற்று நம்பத்தகாதது. புத்தக அலமாரியாக அதற்கு இணையில்லை.

அந்த அலமாரியில் முதலில் எடுக்க வேண்டியது, பி. எல். ரைஸ் பதிப்பித்த எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டு நூல் வரிசையின் 9-ஆம் தொகுதி. 1905-இல் வெளிவந்த இது பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கு உரியது. இதைத் திறந்தவுடன் 1809 என்ற விடை ஆட்டம் காண்கிறது. தொம்மலூரில், இன்று மென்பொருள் நிறுவனங்களுக்கு நடுவே நிற்கும் சொக்கநாதசுவாமி கோயிலில், தண்டு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஊரின் பெயரும் அவற்றில் தொம்பலூர் என்றே வருகிறது. மதுரைக்காரர் எவரும் சொக்கநாதர் என்றால் சிவன் என்றே எண்ணுவார். இங்கே இருப்பவர் பெருமாள், கல்வெட்டும் சொக்கப்பெருமாள் என்றே குறிக்கிறது. இத்தகைய சிறு பிழையைத் திருத்த மூலத்தைத் தவிர வேறெதுவும் உதவாது.

ஆனால் கல்வெட்டுக்கும் எல்லை உண்டு. யார் எந்த நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்தார் என்பதை அது சொல்லும். எந்தத் தெருவில் யார் குடியிருந்தார் என்பதைச் சொல்லாது. சோழரும், தமிழகத்தின் ஒரு பகுதியையும் ஆண்ட பிற்கால ஒய்சளரும் இப்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில் தமிழ் ஆட்சிமொழியாகவும் கோயில்மொழியாகவும் வழங்கியது என்பதற்கு அது சான்று. இன்றைய அல்சூர்க் குடும்பங்கள் அக்காலத் தமிழரின் வழிவந்தோர் என்று அதைக்கொண்டு எழுதினால் தேர்வாளர் சிவப்பு மையை எடுப்பார், எடுக்கவும் வேண்டும். மேலும் ரைஸ் குறித்த கற்கள் எல்லாம் இன்று இடத்தில் இல்லை. நகரம் பலவற்றை விழுங்கிவிட்டது. எஞ்சியவற்றை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் பணியை, 1909-இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கம் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறது. நிருபதுங்கா சாலையில் உள்ள அதன் நூலகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாம்.

தண்டுக் காலத்தை ஆராய்பவர் பெரும்பாலும் தவறான காப்பகத்துக்கே முதலில் செல்கிறார். விதான சௌதாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் மைசூர் அரசின் கோப்புகள் இருக்கின்றன. ஆனால் 1881-இல் மைசூர் மீண்டும் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், தண்டுப் பகுதி ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் கையிலேயே நின்றது. 1947-இல்தான் அது மைசூரோடு சேர்ந்தது. ஆகையால் அல்சூரும் சிவாஜிநகரும் பற்றிய அக்காலத் தாள்கள் கணிசமாக டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ரெசிடென்சிப் பிரிவில் இருக்கின்றன. படைப்பிரிவுகளின் செய்திக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். இதை அறியாமல் விதான சௌதாவில் இரண்டு வாரம் உட்கார்ந்து, 'ஆவணமே இல்லை' என்று முடிவுகட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் நானேதான்.

என்னை அந்தப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர். பத்து நிமிடப் பேச்சில் எந்தக் கோப்பு எந்த ஊரில் என்று சொல்லிவிட்டார். நிபுணரின் பயன் அதுதான்: விடையைவிட, விடை இருக்கும் இடத்தை அவர் நன்கு அறிவார். ஆனால் தம் துறைக்கு வெளியே அவர் சொல்வதும் அதே உறுதியான குரலில்தான் வரும். கேட்பவர்தான் எல்லையை உணர வேண்டும். 'இதை எங்கே படித்தீர்கள், ஐயா?' என்று பணிவாகக் கேட்டால் நல்ல அறிஞர் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடு 'முடித்துத் தரும்' இடங்களைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

கடைசி வாசல் பெரியவர்கள். 'எங்க தாத்தாவோட அப்பா பட்டாளத்தோட வந்தவரு, தம்பி. வருசமெல்லாம் யாரு எழுதி வெச்சா' என்பார் அல்சூர்ப் பெரியவர். ஆண்டு கேட்டால் அவரிடம் கிடைக்காது. கிடைத்தாலும் அதை நம்புவதற்கில்லை. ஆனால் வேலூரிலிருந்து வந்தோமா, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தா, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க இன்றும் எந்த ஊருக்குப் போகிறோம் என்பது எந்தக் கோப்பிலும் இராது. கிறிஸ்தவக் குடும்பமாயின், சிவாஜிநகர்ப் பக்கத்துப் பழைய தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் சொன்ன பெயரைத் தேடிப் பார்க்கலாம். பெயர் அங்கே இருந்தால் அவர் சொல்லாத ஆண்டும் அங்கேயே கிடைக்கும்.

என்னிடம் கேட்கும் மாணவரிடம், கல்வெட்டுத் தொகுதியை இணையத்தில் இறக்கிப் படித்துவிட்டு, பேராசிரியரைச் சந்தித்து, அதன்பின் காப்பகம் செல்லச் சொல்வேன். அல்சூர்ப் பெரியவரை மட்டும் இந்த வரிசையில் நிறுத்த வேண்டாம். அவருக்கு வயது எண்பத்தைந்து. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பேசிவிடுவது நல்லது.