முதல் பதிப்பு ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ்: சூட்டோடு ஒரு பதில்

நண்பர் ஒருவர் 1977 மாடல் ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். விற்பவர் விலையை ஒருமுறை குறைத்தும் விட்டாராம். "நீங்கதான் இத்தனை வருஷமா வெச்சிருக்கீங்களே, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. என் 1978 வண்டி அப்போதுதான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்திருந்தது. ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் அது எழுதக்கூடிய வார்த்தையாக இருந்திருக்காது. அதனால் கொஞ்சம் ஆறவிட்டு விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் பதிப்பு என்று நான் சொல்வது 1975 செப்டம்பரில் இந்த கூபே (இரண்டு கதவு கார்) வெளிவந்ததிலிருந்து, 1981 ஜூலையில் ஹெச்.இ. ('ஹை எஃபிஷியன்ஸி') என்ற திருத்திய என்ஜின் வரும்வரை செய்த வண்டிகளை. இங்கிலாந்தில் விற்பவர்கள் 'ப்ரீ-ஹெச்.இ.' என்று எழுதுவது இவற்றைத்தான். மற்ற விவரங்கள் வாங்க நினைக்கிறவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

எனக்கு இந்த வண்டியின் மேல் உள்ள பெரிய புகார் ஒன்றே ஒன்று: சூடு. உள்ளே உட்காருகிறவருக்கு இல்லை, பானெட்டுக்குக் கீழே. ஜாகுவார் எஞ்சினியர்கள் வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் உருவாக்கிய அந்த வி12 (வி வடிவில் பன்னிரண்டு சிலிண்டர்) என்ஜின் 5,343 சிசி, 285 குதிரைசக்தி, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் ஸ்பார்க் பிளக்குகள், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் குழாய்கள், முன்பக்கம் ஏசி கம்ப்ரஸர் என எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. பாட்டரிக்கு டிக்கியில்தான் இடம் கிடைத்தது. ஓடும்போது காற்றாவது கொஞ்சம் போய்வரும். வண்டியை நிறுத்தியதும் அத்தனை சூடும் மூடிய பானெட்டுக்குள் ஏறி நிற்கும். பிரியாணிக்குத் தம் போடுவது மாதிரிதான். நெடுஞ்சாலையில் வேகாதது எல்லாம் வீட்டு வாசலில் நிற்கும் அரை மணி நேரத்தில் வெந்துவிடும்.

வேகிறவற்றில் முதலில் ரப்பர். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஹோஸ், அது போக அங்கங்கே இணைப்பு ஹோஸ்கள். நாளடைவில் எல்லாம் விறைத்து, மேலே மயிரிழை போல வெடிப்பு விடும். அழுத்தத்தோடு வரும் பெட்ரோல் அதன் வழியே கொதிக்கும் என்ஜின் மேல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய வி12 ஜாகுவார்கள் தீப்பிடித்த கதைகளில் பாதிக்கு இந்த ஹோஸ்தான் வில்லன் என்பது என் அபிப்பிராயம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோல் என்றால் ஈ10. பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கும், அது பழைய ரப்பருக்கு ஆகவே ஆகாது. ஆகவே எத்தனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத, விலை கூடிய ஈ5 பம்பைத் தேடிப் போக வேண்டும். இந்த வண்டி குடிக்கும் அளவுக்கு அது தனி வயிற்றெரிச்சல்.

என் வண்டியில் இப்போது நடந்ததும் இந்த ஹோஸ் விவகாரம்தான். ஆனால் அதற்குக் காரணம் காரும் இல்லை, அதைச் செய்தவர்களும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தேன். மாற்றினார்கள், முழு விலையும் வாங்கினார்கள். போட்டது இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ் இல்லை, கார்புரேட்டர் வண்டிகளுக்குப் போடும் மலிவுச் சரக்கு. இப்போதைய மெக்கானிக் கழற்றி எடுத்து, மேலே அச்சடித்திருந்த எழுத்தைக் காட்டினார். அழகாகத் தெளிவாகத்தான் அச்சடித்திருந்தது. படிக்கத் தெரிந்த யாரும் அதை இந்த என்ஜினில் மாட்டியிருக்க மாட்டார்கள். பெட்ரோல் வாசனையை என் மனைவி முதலில் கண்டுபிடித்ததால் வண்டியும் கராஜும் தப்பித்தன.

அடுத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) முன்னே தள்ளும் எடைகள் இருக்கின்றன. சூட்டில் எண்ணெய் காய்ந்துபோய் அவை இறுகிவிடும். டைமிங் நகராது, என்ஜின் இன்னும் சூடாகும், மிச்சமிருக்கிற எண்ணெயும் காயும். ஆட்கள் ரேடியேட்டரை மாற்றுவார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள், பிறகு ஃபேனை மாற்றுவார்கள். சில சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் எதுவும் தேவைப்பட்டிருக்காது. அதை விடாமல் ஓட்டி ஒருமுறை நன்றாகச் சூடாக்கிவிட்டால் வால்வு ஸீட் (ஹெட்டில் வால்வு உட்காரும் வளையம்) கழன்று விழும் அபாயம் உண்டு. அப்புறம் வாங்கிய விலையை மறந்துவிடலாம். இக்னிஷனுக்கு வந்த ஓபஸ் என்ற பழைய எலக்ட்ரானிக் பெட்டிக்கும் சூடு ஆகாது. பல வண்டிகளில் அதை எடுத்துவிட்டு நவீனமான ஒன்றை மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள், 'ஒரிஜினல் இல்லையே' என்று முகம் சுளிக்காதீர்கள்.

"பிளக் எல்லாம் மாத்தியாச்சு" என்று விற்பவர் சொன்னால் முன்பக்கத்து இரண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸருக்கு அடியில் இருக்கும் அந்த இரண்டையும் தொட நிறையப் பேருக்குப் பொறுமை இருப்பதில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். சூட்டைக் கட்டுக்குள் வைத்தால் இந்த என்ஜின் மாதிரி உழைக்கிற என்ஜின் குறைவு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நண்பர் பார்த்த வருஷத்தில்தான் மாறியது: அதுவரை போர்க்-வார்னர், 1977-லிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் 400. பின்னது எதற்கும் அசையாது. எதற்கும் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாலு கியர் மேனுவல் வண்டிகள் மொத்தமே 350 போலத்தான் செய்தார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் என்னிடம் யோசனை கேட்க வேண்டாம், போட்டிக்கு நானே வருவேன்.

ஓட்டுவது பற்றி நான் எதிர்பார்க்காத ஒன்று, வேகம் ஏறுவதே காதுக்குத் தெரியாதது. பன்னிரண்டு சிலிண்டர் என்றால் உறுமும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். இது உறுமவே இல்லை. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது மிதித்தால் முதுகு இருக்கையில் அழுந்தும், சத்தம் மட்டும் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வரும். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்ஸார்பர். குண்டு குழியை வண்டி விழுங்கிக்கொண்டு போகும். இந்த வயதில் இதைவிட வசதியாக மணிக்கணக்கில் உட்கார்ந்து போகக்கூடிய கூபே எனக்குத் தெரியாது. ஸ்டியரிங் மட்டும் வேண்டாத அளவுக்கு லேசு.

அந்தப் பின்கண்ணாடிக்கு இருபுறமும் சரிந்து இறங்கும் தகடுகளைப் பற்றி ஐம்பது வருஷமாகச் சண்டை நடக்கிறது. அறுபதுகளின் புகழ்பெற்ற ஜாகுவார் ஸ்போர்ட்ஸ் காரான ஈ-டைப்பை வரைந்த மால்கம் சேயரின் யோசனை அது. அவர் 1970-லேயே இறந்துபோனார், வண்டி வந்ததைப் பார்க்கவில்லை. ஈ-டைப்பின் வாரிசு என்று காத்திருந்தவர்கள் இதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தகடுகள்தான் பிடிக்கும், ரிவர்ஸ் எடுக்கும்போது தவிர. முதல் பதிப்பில் உள்ளே மரமும் கிடையாது. கறுப்பு டேஷ்போர்டு, நடுவில் மேலும் கீழும் நகரும் குட்டி முள்கள் நாலு. ஹெச்.இ.-யில் மரப்பலகையைத் திரும்ப ஒட்டினார்கள், பழைய தாத்தா ஜாகுவார் மாதிரி. எழுபதுகளின் அந்த வெறிச்சென்ற கறுப்பு எனக்கு இன்னும் புதுசாகத் தெரிகிறது.

மைலேஜ்: லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர், மனசு வைத்தால் ஐந்து. 91 லிட்டர் டாங்க் இருப்பதால் 400 கிலோமீட்டர் தள்ளலாம். 1973 பெட்ரோல் நெருக்கடி முடிந்த கையோடு இதைக் கடைக்குக் கொண்டுவந்த தைரியத்தை என்னவென்று சொல்வது? 1980-ல் ஆயிரத்துச் சொச்சம்தான் தயாரானது, மாடலையே நிறுத்திவிடும் நிலை. அப்போது கைகொடுத்தது மைக்கேல் மே என்ற ஸ்விஸ் எஞ்சினியரின் சிலிண்டர் ஹெட். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) 12.5-க்கு ஏறியது, பெட்ரோல் செலவு நன்றாகவே குறைந்தது, கார் 1996 வரை பிழைத்துக்கொண்டது.

ஆக, அறிவு சொல்வது 1982-க்குப் பிந்தைய ஹெச்.இ. இங்கிலாந்தில் நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டன் யூலெஸ் கட்டணம் இல்லை என்ற சலுகையும் இப்போது எண்பதுகளின் தொடக்கத்து வண்டிகளுக்கு வந்துவிட்டது. பழசாக இருப்பதால் மட்டும் 1977-க்கு அதில் ஒரு லாபமும் கிடையாது. குடிக்கிறது அதிகம், உதிரி பாகம் தேட வேண்டியதும் அதிகம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, என் வண்டியைக் கொடுத்து ஹெச்.இ. வாங்குவேனா என்றால் மாட்டேன். நண்பர் வாங்கலாமா என்றால், கூடாது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அவரும் சொன்னார். ஹோஸ் மாற்றிய ரிப்பேர் பில்லைக் கட்டி முடிக்கும்வரை ஒத்துப்போகாது. கட்டி முடித்தபின் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம்.

கேட்காமல் போய்ப் பார்க்கத்தான் போகிறார் என்று தெரியும். விலை குறைந்ததற்கு என்ஜின் காரணமாக இருக்காது, துருவாக இருக்கும். முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, அந்தப் பின் தகடுகளின் அடி, கதவுக்குக் கீழே ஓடும் ஸில், பின் சஸ்பென்ஷனின் ரேடியஸ் ஆர்ம் வண்டியின் தரைத்தகட்டில் சேரும் இடம், இந்த நாலையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை என்பதால் பலர் அதைக் காட்டி நழுவுவார்கள். பழைய எம்ஓடி முடிவுகள் வண்டி எண்ணைப் போட்டால் அரசுத் தளத்தில் வரும், அதைப் படித்துவிட்டுப் போகட்டும். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. அவற்றை மாற்ற பின் அச்சையே இறக்க வேண்டும், அந்தக் கூலியையும் பேரத்தில் சேர்க்க வேண்டும்.

விற்பவர் முதலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வார். அதற்கு ஒத்துக்கொள்ளாமல் முதலில் லிஃப்டில் ஏற்றி அடியைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிவிட்டு வந்தபின் யாரும் அடியைப் பார்ப்பதில்லை.