குழந்தை அறைக்கு வலைக் கதவு: பூனை வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்

வீட்டில் பூனை இருக்கிறது, குழந்தை பிறக்கப் போகிறது என்றால் தொட்டிலுக்கு மேல் போடும் வலையை மட்டும் வாங்காதீர்கள். பூனை அதில் சொகுசாக ஏறிப் படுத்துக்கொள்ளும், வலை தொய்ந்து குழந்தையின் முகத்துக்கு மேல் வந்து நிற்கும், அது பெரிய ஆபத்து.

நாங்கள் வாங்கியது அறை வாசலில் மாட்டும் சட்டம் போட்ட வலைக் கதவு. காற்று வருகிறது, அழுதால் உடனே கேட்கிறது, எல்லாவற்றையும்விட உள்ளே என்ன நடக்கிறது என்று பூனைகளுக்குத் தெரிகிறது. மரக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று பிறாண்டிக் கத்துகிற எங்கள் பெரிய பூனை, வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மோந்து பார்த்தது. குழந்தை வீறிட்டதும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு எழுந்து போனது, கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்தது. குழந்தை போட்டிருந்த துணியை முன்பே கொண்டுவந்து மோந்து பார்க்க விட்டதும் நல்ல உதவி.

சாதாரண கண்ணாடியிழை வலை நகத்துக்குத் தாங்காது, பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த பாலியஸ்டர் வலையாகக் கேளுங்கள். காந்தத் தாழ்ப்பாள் மட்டும் சுமார்தான், பூனை தலையால் முட்டினால் திறந்துவிடுகிறது, அதனால் மேலே தனியாக ஒரு கொக்கி போட்டுவிட்டோம். கீழே இடைவெளி விடாமல் அளவெடுக்கச் சொல்லுங்கள், குட்டிப் பூனைக்குத் தலை நுழைந்தால் போதும், உடம்பும் வந்துவிடும்.