மண் பொம்மையா, கூழ் பொம்மையா? பரணைக் கேளுங்கள்

நவராத்திரிக்கு முந்தைய இரண்டு வாரம் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடப்பதென்றால் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நடைபாதை முழுக்கப் பொம்மை. காஞ்சிபுரம், பண்ருட்டி, புதுச்சேரி, மதுரைப் பக்கம் விளாச்சேரி என்று ஊர் ஊராகச் சரக்கு வந்து இறங்கும். வாங்கி விற்பவர்கள்தான் அதிகம். ஆனால் செய்தவர்களே வந்து உட்கார்ந்திருக்கும் கடைகளும் உண்டு. கையில் தூரிகை இருப்பதை வைத்து அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம். வியாபாரத்துக்கு நடுவே எந்தச் சாமிக்காவது புருவம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை நான் நின்றது விளாச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் கடை முன்னால். அவர்களிடம் ஒரே மீனாட்சி கல்யாண செட் இரண்டு விதமாக இருந்தது, மண்ணில் ஒன்று, காகிதக் கூழில் ஒன்று. பெருமாள் தாரை வார்க்கிறார், சொக்கர் கை நீட்டுகிறார், நடுவில் தலை குனிந்த மீனாட்சி. மண் 2,800 ரூபாய், கூழ் 3,600. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. முக்கால் மணி நேரம் யோசித்து மண்ணைத்தான் வாங்கினேன். கூட வந்த என் நாத்தனாருக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கூழ் லேசு, கை தவறி விழுந்தால் மூலை நசுங்குமே தவிர உடையாது. மண் கனம், விழுந்தால் போச்சு. அழகில் பெரிய வித்தியாசம் கிடையாது. வர்ணம் ஏறிய பிறகு இரண்டடி தள்ளி நின்றால் எது எது என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்துத்தான் பிரித்துச் சொன்னேன்.

ஆனால் கவிழ்த்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். மண் பொம்மைக்கு அடியில் ஓட்டை இருக்கும். சூளையில் வேகும்போது உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெளியேற வழியில்லையென்றால் வெடித்துவிடும் என்பதால் உள்ளே கூடாகத்தான் செய்வார்கள். அந்த ஓட்டை வழியாக மொபைல் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். களிமண்ணை அச்சில் வைத்து அழுத்திய கட்டைவிரல் தடம் வரிசையாகத் தெரியும். வெளியே பட்டுப்புடவை, சரிகை, நகை எல்லாம் இருக்க, உள்ளே செய்தவரின் கைரேகை. கூழ் பொம்மைக்குள்ளே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். ஊறவைத்து அரைத்த காகிதம், பசை, சுண்ணாம்புப் பொடி மூன்றையும் பிசைந்து இரண்டு பாதியாக அச்சில் எடுத்து, காயவைத்து, ஒட்டி, மேலே வெள்ளை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வர்ணம் அடிக்கிறார்கள். மண்ணைவிட வேலை அதிகம், விலையும் அதனால்தான் அதிகம்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். கொலு பொம்மை படியில் இருப்பது பத்து நாள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் துணி சுற்றிப் பெட்டியில் போட்டால், அடுத்த 355 நாளும் அது இருக்கப் போவது பரணில். கடையில் நின்று வாங்கும்போது நாம் அந்தப் பத்து நாளைத்தான் நினைத்துப் பார்க்கிறோம். யாராவது தட்டிவிடுவார்களா, குழந்தை இழுத்துவிடுமா என்பதுதான் கவலை. “விழுந்தா உடையாதுங்க” என்ற கடைக்காரர் வாக்குக்கு அதனால்தான் அத்தனை மவுசு. பரணில் பொம்மை விழுவதில்லை. அங்கே நடப்பது வேறு.

கூழ் என்பது காகிதமும் பசையும். அதாவது, சாப்பாடு. கரையானுக்கு, கரப்பானுக்கு, பழைய புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எந்தச் சுவரும் கொஞ்சம் ஓதம் காக்கும். கொலு முடிந்து நாம் பெட்டியைக் கட்டுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். ஈரம் ஏறிய காகிதத்தை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடுகிறோம். பூச்சிக்கு இலை போட்டுப் பரிமாறியது போலத்தான்.

மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த பிறகு, பூச்சித் தொந்தரவு இனி இல்லை என்ற நம்பிக்கையில் ஒரு கூழ் சரஸ்வதி வாங்கினேன். ஒன்றரை அடி, வெள்ளைப் புடவை, தங்க வர்ண வீணை. நான்கு வருஷம் நன்றாகவே இருந்தது. ஐந்தாவது வருஷம் பெட்டியைத் திறந்தபோதும் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. தூக்குவதற்காக முதுகுப்பக்கம் பிடித்தேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. முட்டை ஓடு போல வர்ணத்தோல் மட்டும் நின்றிருக்க, உள்ளே தூள். வீணையின் குடம் இருந்த இடத்தில் வெள்ளைப் பூச்சும் பூச்சி எச்சமும். அந்தப் பொம்மையை நான் ஒரு தடவைகூடக் கீழே போட்டதில்லை.

மண் பொம்மை கெடுவது ஒரே நொடியில், நம் கண் முன்னால். யார் போட்டார்கள், எந்தத் துண்டு எங்கே போனது என்று தெரியும். பொறுக்கி ஒட்டலாம். மூக்கு, விரல், கிரீட நுனி இவைதான் வழக்கமாகப் போகும். எம்-சீல் பிசைந்து வைத்து, ஊசியால் வடிவம் கொடுத்து, ஒரு நாள் காயவிட்டு வர்ணம் தொட்டால் போதும். என் மாமியார் கொண்டுவந்த செட்டியார் பொம்மைக்கு இது மூன்றாவது மூக்கு. கடைகளில் கொடுத்தால் பழைய மண் பொம்மையைத் தேய்த்துப் புது வர்ணமும் அடித்துத் தருவார்கள். அரித்துப்போன கூழ் பொம்மையை எடுத்துப்போனால், தேய்க்கக் கை வைத்தாலே உதிரும் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

2015 வெள்ளத்தையும் சொல்ல வேண்டும், ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அப்போது மேற்கு மாம்பலத்தில் தரைத்தள வீடு. பரணில் இடமில்லாமல் இரண்டு பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தன. டிசம்பர் முதல் வாரம் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். வடிந்த பிறகு திறந்தால், கூழ் தசாவதாரம் ஒட்டிய தையலெல்லாம் விட்டு, ஊறிய ரொட்டி போல ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தது. கூர்மம் எது, வராகம் எது என்று பிரிக்க முடியவில்லை. மண் பொம்மைகள் சேற்றோடு இருந்தன. குழாயடியில் வைத்துக் கழுவினோம். வர்ணம் போய் வெறும் செம்மண் நிறத்தில் ஒன்பது பொம்மையும் வந்தன, எட்டு முழுசாக. வீட்டுக்குள் வெள்ளம் வருவது தினம் நடப்பதில்லை என்பதால் இதைப் பெரிய ஆதாரமாக வைக்கவில்லை. பரண் ஓதம் வருஷா வருஷம் வருவது, என் கணக்கு அதை வைத்துத்தான்.

மண்ணை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மண் என்றால் சுட்ட மண். விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் பிள்ளையார் பச்சை மண், கரைய வேண்டும் என்றே செய்வது. அதே பச்சை மண்ணுக்கு வர்ணம் அடித்துக் கொலுவுக்கு வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூத்து உதிரும். விரல் கணுவால் தட்டினால் சுட்ட மண் கணீரென்று கேட்கும், வேகாதது மொத்தென்று கேட்கும். அப்புறம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அடியில் நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி வரும். மண்ணைப் போல விழுந்தால் உடையும், கூழின் ஓதப் பயமும் உண்டு. அதை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை.

நாத்தனார் கட்சியையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவள் இருப்பது பெங்களூரில், வாடகை வீடு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லாரி ஏற்றம். மூட்டை தூக்குகிறவர்கள் கையில் மண் பொம்மை என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்களுக்கும், விமானப் பெட்டியின் எடைக் கணக்குப் பார்க்க வேண்டியிருப்பதால் கூழ்தான் சரி. இரண்டடிக்கு மேல் உயரமான பொம்மைக்கும் அப்படியே. அறுபது வயதுக்கு மேல் ஏணியில் நின்று மண் பெருமாளைப் பரணிலிருந்து இறக்குவது பொம்மைக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. கூழ் வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள். தை மாதம் நல்ல வெயிலில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். இதையெல்லாம் தவறாமல் செய்கிற வீட்டில் கூழ் பொம்மை எத்தனை வருஷமும் வரலாம். நான் செய்வதில்லை, அதனால்தான் மண்.

மரப் பொம்மையைப் பற்றியும் கேட்பீர்கள். மரப்பாச்சி எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது, ஒரு சேதமும் இல்லை. செம்மரத்தைப் பூச்சி அவ்வளவு சுலபமாகத் தொடாது. ஆனால் ஆந்திராவின் கொண்டபள்ளிப் பொம்மைகள் பொனிகி என்ற லேசான மரத்தில் செய்பவை. கை, கால், தலை எல்லாம் தனித்தனியாகச் செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து ஒட்டுகிறார்கள். செம்மரத்தோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது. எங்களிடம் ஒரு கொண்டபள்ளி அம்பாரி யானை இருக்கிறது. மூன்று வருஷம் ஆகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. என் சரஸ்வதியும் நான்கு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள், ஆகவே யானையைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்க மாட்டேன்.

கடைக்காரப் பெண்ணிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். “அக்கா, உங்க வீட்டுக் கொலுவுல எது வைப்பீங்க?”

அவர் பெருமாளின் மீசையிலிருந்து தூரிகையை எடுக்காமலே சிரித்தார். “எங்க வீட்ல எங்கம்மா கொலு? இந்தப் பத்து நாளும் நாங்க ரோட்லதான் இருக்கோம். வித்தது போக மிஞ்சினதுதான் வீட்டுக்கு. மிஞ்சுறது எப்பவும் மண்ணுதான், எல்லாரும் கூழைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க.”

2,600-க்குக் கொடுத்தார். வைக்கோல் வைத்து, மேலே தினத்தாள் சுற்றி, சணலால் கட்டி, “ஆட்டோவுல மடியிலேயே வச்சுக்கங்க, கீழ வைக்காதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார். மடியில்தான் வைத்திருந்தேன். லஸ் முனையில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கியது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் மீனாட்சி கையிலிருந்த கிளிக்கு மூக்கைக் காணோம். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். எம்-சீல் வைத்து ஜன்னலோரம் காயவிட்டிருக்கிறேன். சிவப்பு நாளைக்குத்தான் அடிக்க வேண்டும்.